ஒம்பது இஞ்சு செவுரு

கால்ல இடிக்குதுங்களா அம்மணி? சித்த இருங்க, இக்கட்டால சாச்சு வெச்சுக்கறேன். சன்னலுங்க. ஆமாங்க, சன்னலேதான். பஸ்ஸுலதான் வரிசையா சன்னல் இருக்குதே, நீங்க வேற எதுக்கு ஒண்ணு கொண்டாரீங்கன்னு அந்தக் கண்டக்டர் தம்பி கேக்குது. கேட்டுப்போட்டு லக்கேஜ் டிக்கெட்டும் போட்டுருச்சு. நக்கல் பண்ணுனாலும் டிக்கெட்டுல கொறை வெக்கல.

சோமனூர்ல என்ற தங்கச்சி ஊட்டுல இருந்து வர்றனுங்க. கணபதியில இருக்கற எங்கூட்டுக்குப் போகோணும். காந்திபுரத்துல எறங்கி, இதையும் தூக்கிக்கிட்டு, அடுத்த பஸ் புடிச்சு, அவரு வர்றதுக்குள்ள போயாகோணும். அவருன்னா என்ற ஊட்டுக்காரரு. தாராபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கறாரு, பொழுதோடதான் வருவாரு. அதுக்குள்ள கொத்தனார் மாரப்பன் வந்து செவுத்த ஒடைச்சு, இந்தச் சன்னல வெச்சு, சுத்தியும் பூசி முடிச்சுரோணும். அதான் போன கையிலயே வெச்சுட்டிருக்கறேன். கூப்புடறேன்னு சொன்னான், இன்னும் காணோம். மணி என்னங்க? சரி, நேரமிருக்குது. இருக்குதுதானுங்களே?

நீங்க எங்க எறங்கோணும்? காந்திபுரமாத்தான் இருக்கும், இந்த பஸ்ஸுல எல்லாரும் அங்கதான எறங்குவாங்க. நல்லதாப் போச்சு. கடைசி வரைக்கும் பேசிட்டே போலாம்.

எந்தச் செவுருன்னு கேக்கறீங்களா? கேக்கலீன்னாலும் சொல்றேன். பட்டறைச் செவுருங்க. எங்கூட்டை ஒட்டி அவரு புதுசா கட்டுன பட்டறை. கல்யாணத்தப் பண்ணிப் பாரு, ஊட்டக் கட்டிப் பாருன்னு பெரியவங்க சொன்னாங்க. பட்டறையக் கட்டிப் பாருன்னு ஒருத்தரும் சொல்லல. சொல்லியிருந்தா நான் சூதானமா இருந்திருப்பேன்.

அவரு ஒரு பம்பு கம்பெனியில மோட்டார் ஓட்டிப் பாக்கற செக்சன்ல இருந்தாருங்க. நாள் முச்சூடும் பத்து மோட்டாரு ஒட்டுக்கா ஓடும். காதுல பஞ்சு வெச்சுட்டு நிக்கோணும். பேசோணும்னாலும் கையக் காட்டித்தான் பேசோணும். அதனாலயே என்னவோ, மனுசன் வாயத் தொறக்க மாட்டாரு. வாயில என்ன கொழுக்கட்டையான்னு எங்க நங்கையா, அதான் இவரோட அக்கா, சின்னதுல இருந்தே கேட்டுட்டிருக்கறாங்க. ஆனா தங்கமான மனுசனுங்க. இத்தன வருசத்துல என்னைய ஒரு வார்த்தை சொன்னதில்ல. நல்லதும் சொன்னதில்ல, அது வேற.

ரிட்டயர்டு ஆகி ஊட்டுல உக்காந்தப்ப நான் பட்ட சந்தோசம் இருக்குதே, அதச் சொல்ல முடியாது. பையன் தினேசு ஓசூர்ல வேலை, தீவாளி, பொங்கல்னு வருசத்துக்கு ரெண்டு நோம்பிக்கு வருவான். பகல்ல நானும் மிக்சியும்தான் ஊட்டுல சத்தம் போடுவோம். இனி பேச்சுத் தொணைக்கு ஆளாச்சேன்னு இருந்துச்சு. காத்தால காப்பியில ஆரம்பிப்பேன். தெருவுல நடந்தது, டிவியில பாத்தது, என்ற சித்தி மக சம்பந்தி ஊட்டுல பண்ணுன அலும்பு, ஒண்ணு விடாமச் சொல்லுவேன். அவரு சோபாவுல உக்காந்து தலைய ஆட்டிட்டே கேப்பாரு. அவ்வளவு பொறுமை. சில ஆம்பளைங்க பாதியில எந்திரிச்சுப் போயிருவாங்க, கோவிச்சுக்குவாங்க. இவரு அப்படியில்ல.

ஒரே ஒரு நாள் மட்டும் எந்திரிச்சாரு. சம்பந்தி கதைதான் ஓடிட்டிருந்துச்சு, நல்ல கட்டம். திடீர்னு எந்திரிச்சு ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போயி, சுண்ணாம்புப் பொடி டப்பாவ எடுத்துட்டு, ஊட்டுக்குத் தெக்கால சும்மா கெடக்கற எடத்துல கோடு போட ஆரம்பிச்சாரு. கயித்தப் புடிச்சு, டேப்பு வெச்சு, ஆளு உக்காந்து உக்காந்து எந்திரிக்கறாரு. நானும் பின்னாலயே போயி கதையச் சொல்லிட்டேதான் இருந்தேன். முடிச்சப்புறம் கேட்டேன், இது என்னுங்கன்னு. "பட்டறை"ன்னாரு. அந்த மாசத்துல அவரு பேசுனதுலயே பெரிய வார்த்தை அதுதாங்க.

தினேசுக்குப் போன் போட்டேன். "காரு நிறுத்தற மாதிரி செட்டாப் போட்டுரச் சொல்லும்மா, நான் வந்தா தெருவுல நிறுத்த வேண்டியதில்ல"ங்கறான். அவன் இன்னும் காரு வாங்கல. நான் சொன்னேன், ஒரு ரூம்பாக் கட்டி வாடகைக்கு உட்டா ஒரு பொம்பளப் புள்ள குடி வரும், பேச்சுத் தொணைக்கும் ஆகும்னு. அவரு ரெண்டு பேரு சொன்னதுக்கும் தலைய ஆட்டுனாரு. ஆட்டிப்போட்டு பட்டறைதான்.

அந்தக் கோட்ட நீங்க பாத்திருக்கோணும் அம்மணி. முழு அளவுக்கு மண்ணுலயே வரைஞ்சிருந்தாரு. இங்க கதவு, இங்க இரும்பு கடையற லேத்து, இங்க டிரில்லிங் மெஷினுன்னு கட்டங்கட்டமா. மூலையில ஒரு ஆளு நீளத்துக்கு ஒரு கட்டம். இது என்ன டேபிளுங்களான்னேன். தலைய ஆட்டுனாரு. அதுக்குப் பக்கத்துல சின்னதா இன்னொரு கட்டம். அது கக்கூஸுங்க. பட்டறைக்கு எதுக்குங்க கக்கூஸு? அப்புறம் நானே யோசிச்சுப் பாத்தேன். கையெல்லாம் எண்ணெயா ஊட்டுக்குள்ள வந்தா நான் தொடச்ச தரை கெட்டுரும்னுதான். எனக்காக எவ்வளவு தூரம் நெனைக்கறாரு பாருங்க.

அதுல ஒரு கூத்து நடந்துச்சு. மறுநாள் காத்தால நான் எப்பவும் போல சாணித் தண்ணி தெளிச்சேன். கை பழக்கத்துல அந்தப் பக்கமும் தெளிச்சுட்டேன். கோடு பூரா அழிஞ்சுபோச்சு. எடம் சும்மா பளிச்சுனு இருக்குதேன்னு அவரு லேத்து வரைஞ்ச எடத்துல நானொரு கோலமும் போட்டுட்டேன். பதினோரு புள்ளி, தாமரை. அவரு வந்து பாத்தாரு. கோவிச்சுக்கவே இல்லீங்க. டம்ளர்ல இருந்த காப்பிய ஒரே மடக்குல குடிச்சுப்போட்டு, தொடப்பத்த எடுத்துக் கூட்டி, முதல்ல இருந்து கோடு போட்டாரு. ரெண்டாவது தடவை போட்டப்ப, கதவு மாறிப்போச்சு. முதல்ல பொடக்காலிப் பக்கம் இருந்துச்சு. இப்ப ரோட்டுப் பக்கம். ஏனுங்க மாத்திட்டீங்கன்னேன். "மெஷினு ரோட்டுல இருந்துதான வரும்"ன்னாரு. நாயந்தான?

சித்த இருங்க, போனு. இல்ல, இது கம்பெனிக்காரங்க மெசேஜு. மாரப்பன் வந்துட்டானா இல்லையான்னு தெரியலீங்க. சாவி பக்கத்து ஊட்டுல குடுத்துட்டுத்தான் வந்தேன். மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. இந்த பஸ்ஸு வேற உருட்டிட்டே போகுது.

ம். எங்க உட்டேன்? பட்ஜெட்டுங்க. ரிட்டயர்டு பணத்துல தினேசு கல்யாணக் கடன அடைச்சது போக மிச்சத்துலதான் கட்டோணும். வெரலுக்குத் தக்க வீக்கந்தான. மாரப்பன் எஸ்டிமேட் போட்டுக் குடுத்தான். கையில இருக்கறதுக்கு ஒண்ணரை மடங்கு வந்துச்சு. எதையாச்சும் கொறைக்கோணும். நானும் அவரும் மாரப்பனும் உக்காந்தோம்.

"அண்ணா, சமையக்கட்டுக்கு அந்தப் பக்கம் இப்ப தகரத் தடுப்புத்தான இருக்குது. அது அப்படியே இருக்கட்டும். மூணு பக்கம் நாலரை இஞ்சுல செவுரு வெச்சு மேல சிமெண்ட் சீட்டுப் போட்டா செலவு பாதி கொறைஞ்சுரும்"ன்னான் மாரப்பன்.

அவரு யோசிச்சாரு. "மூணு பக்கம் நாலரை போதும். இந்தப் பக்கம் தகரத்த எடுத்துட்டு ஒம்பது இஞ்சு வெச்சுரு."

"ஏனுங்ணா, மழை அடிக்கறது அந்த மூணு பக்கந்தான? உள்பக்கத்துக்கு எதுக்குங்ணா ஒம்பது?"

"வெச்சுரு."

நாந்தான் மாரப்பனுக்கு வெளக்கஞ் சொன்னேன். லேத்து ஓடுனா அதிரும், சமையக்கட்டுல பாத்திரமெல்லாம் உழுந்துரும், அதுக்குத்தான்டான்னு. மாரப்பன் அவரப் பாத்தான். அவரு தரையப் பாத்தாரு.

சரி, செவுத்துல கொறைக்கல. அப்ப வேற எதுல கொறைக்கறது? பேனாவ எடுத்தாரு. மில்லிங் மெஷின அடிச்சாரு. அப்புறம் வெல்டிங் செட்டு. அப்புறம் டிரில்லிங் மெஷினு. கக்கூஸ வேணா எடுத்துரலாமுங்க, நான் தரையத் தொடச்சுக்கறேன்னேன். வேண்டாம்னாரு. கதவுக்கு வெளிப்பக்கம் கொண்டி போதும், உள்தாப்பா எதுக்கு, அதுக்கு வேற தனியா செலவுன்னேன். உள்தாப்பா வேணும்னாரு. கடைசியில பட்டறையில மிஞ்சுனது ஒரே ஒரு பழைய லேத்து. கவுண்டம்பாளையத்துல எவனோ எடைக்குப் போட வெச்சிருந்தது. அங்குசத்த வாங்கிட்டு ஆனைய வேண்டாங்கற கதையால்ல இருக்குதுன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. அவரு சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாயிருந்துச்சு. அந்தச் சிரிப்புக்காகவே மேல ஒண்ணும் பேசல. பேசலைன்னா, கொஞ்சமாத்தான் பேசுனேன்.

கட்டடம் ஏறுச்சு. அவரு தெனமும் செங்கல்லுக்குத் தண்ணி உட்டாரு. மூணு செவுத்துக்கு ஒரு குடம்னா, அந்த ஒம்பது இஞ்சுக்கு மட்டும் நாலு குடம். தகரத் தடுப்பு இருந்த காலத்துல நான் அடுப்படியில இருந்தே "ஏனுங்"ன்னா பொடக்காலி வரைக்கும் கேக்கும். செவுரு தலைக்கு மேல போன அன்னிக்குக் கூப்புட்டுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. செவுத்துக்கும் காது இருக்கும்பாங்க. ஒம்பது இஞ்சுச் செவுத்துக்கு அது இருக்காதாட்டம் இருக்குது.

ஆங், இதச் சொல்லியே ஆகோணும். பட்டறைக்கு என்னங்க பண்ணுவாங்க? பூசணிக்காய் ஒடைப்பாங்க. எலுமிச்சம்பழம் கட்டுவாங்க. மெஷினுக்குச் சந்தனம், பொட்டு. அவ்வளவுதான? எங்கப்பன் தறி போட்டப்பவும் அதுதான், ஊருல யாரு கம்பெனி போட்டாலும் அதுதான். நானும் பூசணிக்காய் வாங்கி வெச்சிருந்தேன். நங்கையாளக் கூப்பிட்டோம், மாரப்பன் வந்தான், அக்கம்பக்கத்துல நாலு பேரு. பாத்தா, அவரு உள்ள மூணு செங்கல்ல அடுப்பாக் கூட்டி, புதுப் பாத்திரத்துல பாலு ஊத்தி வெச்சிருக்கறாரு.

பாலு காய்ச்சறாருங்க. பட்டறைக்கு.

பாலு காய்ச்சறது குடி போற ஊட்டுக்குத்தான அம்மணி? எங்கியாச்சும் லேத்துக்கு முன்னால பாலு காய்ச்சிப் பாத்திருக்கறீங்களா? என்ன சொல்ல வந்தீங்க? சரி சரி, கதைய முடிச்சுக்கறேன். நங்கையா சிரிச்சுட்டே கேட்டாங்க, "ஏன்டா ராசு, நீயென்ன குடியா போற?"ன்னு. அவரு பாலையே பாத்துட்டு, "பொங்கட்டும் இரு அக்கா"ன்னாரு. மாரப்பன் கையில இருந்த டம்ளரக் கீழ வெச்சுட்டான். நங்கையா என்னையப் பாத்த பார்வை ஒரு மாதிரியா இருந்துச்சு. அவங்களுக்கு எப்பவுமே எந்த எடத்துல என்ன பேசறதுன்னு தெரியாது. அப்புறம் என்ற கையப் புடிச்சுட்டாங்க. எதுக்குப் புடிச்சாங்கன்னு தெரியல. பாலு பொங்கறதப் பாத்து உணர்ச்சி வந்துருக்கும்.

சாங்கியத்துக்கு நாந்தான அடுப்பு பத்த வெக்கோணும், பொம்பளைதான பாலு காய்ச்சோணும்? போனேன். "உனக்குப் பொகை ஆகாது, நீ அக்கட்டால உக்காரு"ன்னு அவரே பத்த வெச்சாரு. மொகம் பூரா வேர்வை. பாலு ரோட்டுப் பக்கமாப் பொங்குச்சுங்க. எங்கூட்டுப் பக்கம் ஒரு சொட்டு வரல. ரோட்டுப் பக்கம் பொங்குனா தொழிலு ஓடும்னு நான் எல்லாருக்கும் சொன்னேன். அப்படி ஒரு சாங்கியம் இருக்குதான்னு எனக்கே தெரியாது.

இப்ப அங்கதான் இருக்கறாரு. காத்தால டிபனுக்கு வருவாரு, மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவாரு. அந்த ஆளு நீளக் கட்டம் டேபிளு இல்லீங்க, கயித்துக் கட்டலு. லேத்த எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்னு காவலுக்குப் படுத்துக்கறாரு. அந்த லேத்தத் தூக்க எட்டு ஆளு வேணும். ஆனா பாருங்க, வேலையில அவ்வளவு மும்முரம். நான் ரோட்டுப் பக்கமா சுத்திப் போயி கதவுகிட்ட நின்னு "ஏனுங்"ன்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும், உள்ள லேத்து ஓட ஆரம்பிச்சுரும். அப்படியொரு உழைப்பு.

போன வாரம் சுண்டல் எடுத்துட்டுப் போனேன். லேத்து ஓடுது, கதவு உள்தாப்பா. தட்டுனாலும் கேக்காது. கதவுச் சந்துல பாத்தேன். லேத்து சும்மா ஓடுதுங்க. அதுல இரும்பே மாட்டல. இரும்பக் கவ்விப் புடிக்கற வெறுஞ் சக்கு மட்டும் கிறுகிறுன்னு சுத்துது. அவரு கட்டல்ல மல்லாக்கப் படுத்து, கைய நெஞ்சு மேல கோத்துட்டு, கண்ண மூடியிருக்கறாரு. தூங்கல. காலு ஆடிட்டிருந்துச்சு. மொகத்துல அப்படியொரு நிம்மதி. கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவை பாத்த மொகம்.

சுண்டல வாசப்படியில வெச்சுட்டு வந்துட்டேன். சாப்பிட வந்தப்பக் கேட்டேன், ஏனுங்க லேத்த வெறுஞ் சக்கா ஓட உடறீங்கன்னு. "சும்மா நின்னா பேரிங் கெட்டுப்போகும்"ன்னாரு. மெஷினப் பத்தி நமக்கென்ன தெரியும். கரண்ட் பில்லு வர்றப்பதான் கொஞ்சம் தெரியும்.

இருங்க, மாரப்பன். "சொல்லு மாரப்பா. வந்துட்டியா? சாவி வாங்கிட்டியா? ம். ஆமா, அந்தச் செவுருதான். எந்த மட்டத்துலயா? நான் அடுப்புகிட்ட நின்னா என்ற வாயி மட்டத்துக்கு வர்ற மாதிரி வெச்சுரு. என்னது? அண்ணனுக்கா? தெரியாது, வந்து பாத்து சந்தோசப்படுவாரு. உனக்கெதுக்கு அந்தக் கவலை, நீ கோடு போட்டு வெய்யி. நான் வந்துட்டே இருக்கறேன்."

கேள்விய மட்டும் நூறு கேப்பான். "அக்கா, நல்லா யோசனை பண்ணிட்டீங்களா"ன்னு கேக்கறான். கொத்தனாருக்கு எதுக்கு இந்தப் பேச்சு? ஒடைன்னா ஒடைக்கோணும்.

இந்தச் சன்னல் எங்கப்பனோட தறிக்குடோன்ல இருந்ததுங்க. நான் பொறந்து வளந்தது தறிச் சத்தத்துலதான். இருவத்திநாலு மணி நேரமும் டக்கடா டக்கடான்னு ஓடும். எங்கூட்டுல எல்லாருக்குமே தொண்டை பெருசு. ரகசியம் பேசுனாக்கூட மூணாவது ஊட்டுக்குக் கேக்கும். தறிக்கும் ஊட்டுக்கும் நடுவுல இந்தச் சன்னல்தான். எங்கம்மா இதுல காப்பிய நீட்டுவா. அங்கிட்டு ஒரு கை வந்து வாங்கிக்கும். எங்கப்பன் மொகங்கூட முழுசாத் தெரியாது, கைதான். அவளுக்கு அது போதும்.

தறி நின்னாத்தான் எங்களுக்குப் பயம். நூலு வல்லீன்னா நிக்கும், அன்னிக்கு அடுப்பு எரியறது சந்தேகம். அப்புறம் எங்கப்பன் செத்த அன்னிக்கு நின்னுச்சு. நான் ஸ்கூலுல இருந்து வர்றேன், தெருமொனையிலயே தெரிஞ்சுபோச்சு. சத்தமே இல்ல. மத்தவங்களுக்கு அமைதின்னா என்னென்னமோ நெனப்பு வரும். எனக்கு அதுதாங்க வரும். ஊடு சும்மா கெடந்தா எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். அதனால எதையாச்சும் பேசிட்டே இருப்பேன். டிவி ஓடும், அதுகூடயும் பேசுவேன். இப்ப அவரும் செவுத்துக்கு அங்கிட்டுப் போயிட்டாரா, காத்தாலயும் மத்தியானமும் சோறு போடற நேரத்துக்குள்ள அத்தனையும் சொல்லி முடிக்க முடியுதுங்களா? அவசர அவசரமாச் சொல்றேன். அவரும் அவசர அவசரமாச் சாப்பிடறாரு.

தங்கச்சி குடோன இடிச்சுட்டு ஊடு கட்டறா. இந்தச் சன்னல வெறகுக்கு ஒதுக்கி வெச்சிருந்தா. பாத்ததும் எனக்கு யோசனை தோணிருச்சு. இத அந்த ஒம்பது இஞ்சுல வெச்சுட்டா அவரு பாட்டுக்குப் படுத்துக்கலாம், நான் பாட்டுக்குப் பேசிக்கலாம். காப்பிய நீட்டலாம். கை வந்து வாங்கிக்கும். எழுவதாம் வருசத்துல தச்ச தேக்கு, ஒரு கீறல் இல்ல பாருங்க. கம்பிக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சா போதும்.

எதுக்கு அம்மணி எந்திரிக்கறீங்க? காந்திபுரம் இன்னும் வல்லீங்களே, இது லட்சுமி மில்ஸு. உக்காருங்க, உழுந்துருவீங்க.

ஹோப்ஸா? நீங்க ஹோப்ஸ்ல எறங்கோணுமா? அது எப்பவோ போயிருச்சே. என்னுங்க நீங்க, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் காலை எடுத்து வழி உட்டிருப்பேன்ல.

சொன்னீங்களா?

எப்பச் சொன்னீங்க? பாலு காய்ச்சுனதச் சொன்னப்பவா. அப்புறம், மாரப்பன் போன் வந்தப்பவா. அப்புறமும் ஒரு தடவை சொன்னீங்களா? என்ற காதுல உழுகவே இல்லீங்களே அம்மணி. நெசமா உழுகல. நீங்க சும்மா தலைய ஆட்டிட்டே இருந்தீங்க. கதை புடிச்சுப்போயித்தான் ஆட்டறீங்கன்னு நெனச்சுட்டேன். கோவிச்சுக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்படியே தலைய ஆட்டிட்டு.

அவரும் அப்படித்தாங்க ஆட்டுவாரு.

லட்சுமி மில்ஸ்லயும் பஸ்ஸ எடுத்துட்டான். இனி காந்திபுரம் போயித்தான் நீங்க திரும்பி வரோணும். என்னாலதான. யாராச்சும் காத்துட்டிருப்பாங்களா? போன் பண்ணிச் சொல்லிருங்க. பண்ணுங்க பண்ணுங்க, நான் பேசல.

பண்ணியாச்சா? சரி.

அப்ப அவரும் சொல்லியிருப்பாருங்களா அம்மணி? மூணு தடவை இல்லாட்டியும் ஒரு தடவையாச்சும்? சோபாவுல உக்காந்திருந்தப்ப, இல்ல அதுக்கும் முன்னால? எனக்கு ஞாபகத்துல ஒண்ணுமே வரலீங்க. அவரு பேச மாட்டாரு, பேச மாட்டாருன்னு ஊரு பூரா நாந்தான் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கறேன். நங்கையா கையப் புடிச்சாங்களே, அன்னிக்கு. அது பாலு பொங்குனதுக்கு இல்லியா?

சித்த இருங்க. ஒரு போன் பண்ணிக்கறேன். எடுக்கறானா பாரு. சத்தத்துல கேக்காது. எடுடா.

"மாரப்பா? ஒடைச்சுட்டியா? உளிய வெச்சுட்டியா? எத்தன கல்லு? ஒண்ணுதான? சரி, அத நிறுத்து. நிறுத்துங்கறேன். அந்தக் கல்லத் திருப்பி வெச்சுப் பூசிரு. ஆமா, சன்னல் வேண்டாம். இல்ல, காசு பிரச்சனை இல்ல, கூலி முழுசாத் தர்றேன். அண்ணன் போட்ட பிளான்ல சன்னல் இல்ல மாரப்பா, அவ்வளவுதான். அவரு போட்டபடியே இருக்கட்டும். தடம் தெரியாமப் பூசு. பொழுதோட வந்துருவாரு, அதுக்குள்ள காஞ்சுருமா? காயாதா. சரி, அடுப்பு ஆவி பட்டு ஈரம் கோத்துருச்சுன்னு நான் சொல்லிக்கறேன். இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. அவரு கேட்டா அப்பச் சொல்றேன்."

வெச்சுட்டான். ஒரு கல்லுதான் எடுத்திருக்கறான். நல்ல வேளை.

லேத்துச் சத்தம் அந்தச் செவுத்துல காத வெச்சா கேக்குமுங்க. நான் வெச்சுப் பாத்திருக்கறேன், யாருகிட்டயும் சொன்னதில்ல. மெதுவா, உர்ருன்னு. ஓடிட்டிருக்குதுன்னு தெரிஞ்சா எனக்குப் போதுமே. இந்தச் சன்னலத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. சும்மா சாத்தி வெச்சுக்க வேண்டியதுதான்.

நான் பாருங்க, சோமனூர்ல ஏறுனதுல இருந்து பேசிட்டு வர்றேன், உங்க பேரு என்னன்னு கேக்கல. எதுக்கு ஹோப்ஸுக்கு வந்தீங்கன்னும் கேக்கல. காந்திபுரம் வர இன்னும் ரெண்டு சிக்னல் இருக்குது.

சொல்லுங்க அம்மணி. நான் கேக்கறேன்.